சார்லஸ் திருப்பி வைத்த கண்ணாடி

சார்லஸுக்குக் காமம் என்ற சொல் வாயில் வராது. "அந்த இது" என்பான். செய்த பாவத்தைச் சொல்லி மன்னிப்பு வாங்கச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனபோதும் அப்படித்தான் சொல்லியிருக்கிறான். "சாமி, எனக்குக் கொஞ்ச நாளா அந்த இது." சாமியார் சர்க்கரை வியாதி என்று நினைத்து, வெறும் வயிற்றில் இரத்தம் கொடுத்துப் பார்த்தாயா என்று கேட்டாராம்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். கேட்ட பாவத்தைச் சாமியார்தான் வெளியே சொல்லக்கூடாது. சொன்னவனுக்கு அந்தச் சட்டம் இல்லை. சார்லஸ் என் அக்கா மகன். இருமல் வந்தால்கூட என் வீட்டுக்கு வந்து இருமிவிட்டுப் போகிறவன். இதை மட்டும் மறைப்பானா?

அவனைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பாகூரிலிருந்து கிருமாம்பாக்கம் வழியாகப் பாண்டிக்குப் போகிற பச்சை நிறத் தனியார் பஸ்ஸில் அவன் டிரைவர். ஆள் பனைமரம் மாதிரி இருப்பான். கரப்பான் பூச்சியைக் கண்டால் சீட்டின்மேல் ஏறி நின்றுகொள்வான். அவன் அப்பனும் அம்மாளும் கரும்பு வெட்டப் போனவர்கள். இவனுக்குக் கரும்புத் தோகை பட்டால் உடம்பெல்லாம் தடித்துவிடும். அதனால் லாரியில் கிளீனராக ஏறி, டிரைவராக இறங்கினான். கோயிலில் பாட்டுக் குழுவிலும் இருக்கிறான். மற்றவர்கள் பாட்டை முடித்த பிறகும் இவன் குரல் கொஞ்ச தூரம் போய்த்தான் நிற்கும். மனைவி பெயர் ஜெயசித்ரா. அவள்மேல் அவனுக்கு உயிர். உயிரோடு கொஞ்சம் பயமும் உண்டு. ஒரே மகள் அமலி, நாலாம் வகுப்பு.

அந்த இது எங்கிருந்து வந்தது என்றால், கண்ணாடியிலிருந்து வந்தது.

டிரைவர் தலைக்கு மேலே நீளமாக ஒரு கண்ணாடி இருக்கும், பார்த்திருப்பீர்கள். பின்படி கண்டக்டர் பொறுப்பு, முன்படி டிரைவர் பொறுப்பு. நாங்கள் பெண்கள் முன்படியில்தான் ஏறி இறங்குவோம். ஏறியாயிற்றா, இறங்கியாயிற்றா என்று அந்தக் கண்ணாடியில் பார்த்துவிட்டுத்தான் அவன் வண்டியை எடுக்க வேண்டும். தினமும் காலையில் கிருமாம்பாக்கத்தில் ஒரு பெண் ஏறுவாள். சீட்டு காலியாக இருந்தாலும் உட்காரமாட்டாள். இன்ஜின் பெட்டிக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். கண்ணாடி காட்டுவதோ அவள் கழுத்துக்குக் கீழே தொடங்கி இடுப்போடு முடிந்துவிடும். தலையும் கிடையாது, காலும் கிடையாது. வெள்ளைப் புள்ளி போட்ட நீல ஜாக்கெட், கம்பியைப் பிடிக்கத் தூக்கின ஒரு கை, அவ்வளவுதான். நம்ம ஆள் அந்த நடுத்துண்டைப் பார்க்க ஆரம்பித்தான்.

முதலில் தற்செயலாகத்தான் கண் பட்டது என்கிறான். நம்புகிறேன். பிறகு கிருமாம்பாக்கம் வருவதற்கு முன்பே சீப்பை எடுத்துத் தலை வாரினாயே, அது எதற்கு என்று கேட்டேன். சட்டைப் பையில் எட்டிப் பார்த்த சீப்பை உள்ளே தள்ளிக்கொண்டான்.

தவளக்குப்பத்தில் ஒரு வேகத்தடை இருக்கிறது. இவன் கண்ணாடியிலேயே குடியிருந்ததால் வண்டி அதன்மேல் அப்படியே ஏறிக் குதிக்கும். உள்ளே இருப்பவர்களுக்குக் கூரை தரிசனம். கண்டக்டர் கலைச்செல்வனுக்கு வாய் நீளம்.

"இன்னாண்ணே, நேத்து இருந்த ஸ்பீட் பிரேக்கர்தான? ராத்திரியோட ராத்திரியா குட்டி போட்டுடுச்சா?"

"தூசிடா. கண்ணுல வியுந்துடுச்சி."

"தெனம் அதே எடத்துல வியுவுது பாரேன், அந்தத் தூசி."

இப்படியே போயிருக்கும். ஆனால் அமலிக்குப் புதுநன்மை வந்தது, பூசையில் சாமியார் கொடுக்கிற அப்பத்தைப் பிள்ளைகள் முதல் தடவையாக வாங்குகிற நாள். எங்கள் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை முதல் தடவை நன்மை வாங்கும்போது நடுவில் நிற்கும். ஒரு பக்கம் அப்பன், ஒரு பக்கம் தாய். மூன்று பேரும் சேர்ந்து வாங்க வேண்டும். மனச்சாட்சியில் அழுக்கை வைத்துக்கொண்டு அங்கே போய் நிற்க முடியுமா? அதற்காகத்தான் சார்லஸ் சாமியாரிடம் போனது. சர்க்கரை வியாதிக் குழப்பம் தீர்ந்த பிறகு சாமியார் பொறுமையாகவே சொல்லியிருக்கிறார்.

"கண்ணுல பட்டது பாவமில்ல சார்லஸ். கண்ணு தொறந்திருந்தா எதுனா படத்தான் படும். பட்டத எடுத்து வாயில போட்டுக்கிட்டு பாண்டி வரைக்கும் மென்னுக்கிட்டே போறியே, அதான் பாவம். ஆண்டவர் முழு ஆளாப் படைச்சாரு. நீ ஒனக்கு வேண்டியத நறுக்கி எடுத்துக்கிட்டு மிச்சத்த வீசிட்ற."

"இன்னா பண்ணட்டும் சாமி?"

"செபம் பண்ணு. வியுந்தா எழுந்திரு. இழுத்துக்கிட்டுப் போற சந்தர்ப்பத்த வுட்டு வெலகு."

மன்னிப்பும் கொடுத்து அனுப்பினார். மறுநாள் காலை கிருமாம்பாக்கம் வந்தது, கண் மறுபடியும் மேலே போனது. அவ்வளவுதான். வாங்கின மன்னிப்பு வெயிலில் வைத்த ஐஸ் மாதிரி கரைந்துபோய்விட்டது என்று முடிவு கட்டிவிட்டான். அந்த இது வேரோடு போகிற வரைக்கும் நன்மை வாங்கமாட்டேன் என்று தனக்குத் தானே தண்டனை போட்டுக்கொண்டான். கடவுளே மன்னித்துவிட்டார், இவன் யார் முடியாது என்று சொல்ல? அதுவும் ஒரு திமிர்தான். இது என் கட்சி, யார் வந்து மறுத்தாலும் மாற்றிக்கொள்ளமாட்டேன்.

பிறகு வைத்தியம் தொடங்கியது. கருவாடு உடம்புக்குச் சூடு, சூடு ஏறினால் அந்த இது ஏறும் என்று யாரோ சொல்ல, கருவாட்டை நிறுத்தினான். விடியலில் பம்பு செட்டுக்குக் கீழே தலையைக் கொடுத்து உட்கார்ந்தான். அந்த இது போகவில்லை, சளிதான் வந்தது. தும்மிக்கொண்டே வண்டி ஓட்டினான். அப்புறம் கிருமாம்பாக்கம் நெருங்கியதும் கோயில் பாட்டை உரக்கப் பாடிப் பார்த்தான். ஒரு பெரியவர் கலைச்செல்வனிடம், "தம்பி, டிரைவருக்கு ஒடம்பு எதுனா சரியில்லையா?" என்று கேட்டிருக்கிறார்.

கடைசியில் சாமியார் சொன்னது ஞாபகம் வந்தது. சந்தர்ப்பத்தை விட்டு விலகு. எது சந்தர்ப்பம்? கண்ணாடி. பெரிய அந்தோணியார் படம் ஒன்று வாங்கி வந்து, கண்ணாடி துளி தெரியாமல் பசை தடவி ஒட்டிவிட்டான். கீழே முதலாளி வைத்த பிள்ளையார், மேலே இவன் ஒட்டின அந்தோணியார்.

"ஏண்ணே, முன்படில யாரு ஏறினாங்கன்னு அந்தோணியாரு பாத்துச் சொல்வாரா?" என்றான் கலைச்செல்வன்.

"உன்ன மாதிரி ஆளுங்களப் பாத்துக்குவாரு. போய் டிக்கெட் போடு."

அன்றிலிருந்து முன்படியில் ஏறுகிறவர்களுக்குக் கர்த்தர்தான் துணை. ஏம்பலத்துக்காரர் ஒருவர் மாமியாரை ஊருக்கு அனுப்ப வந்தார். ஏற்றிவிட்டோம் என்று நிம்மதியாகத் திரும்பினால், பஸ் போய்விட்டது, மாமியார் நிற்கிறாள். என் கீரைக்கூடை ஏறியது, நான் ஏறவில்லை. கூடை மட்டும் பாண்டியைப் பார்த்துவிட்டு மத்தியானம் வந்து சேர்ந்தது.

சிரிக்கிற வரைக்கும் சிரித்தோம். ஒரு நாள் தவளக்குப்பத்தில் ஒரு பெண் ஒரு காலைத் தரையில் வைத்திருக்கிறாள், இன்னொரு கால் படியில். இவன் வண்டியை எடுத்துவிட்டான். அவள் குதித்து, கணுக்கால் பிசகி, டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். ஒரு செருப்பு படியிலேயே தங்கிவிட்டது. கலைச்செல்வன் ஓடிப்போய் அவளை ஆட்டோவில் ஏற்றி அனுப்பினான். சார்லஸ் இறங்கி வருவதற்குள் ஆட்டோ போய்விட்டது. அந்த ஒற்றைச் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான், பாவம். அப்போதும் படத்தை எடுத்தானா? எடுக்கவில்லை. அந்த இது அடங்கி வருகிறதாம், அதனால் படம் இருக்கட்டுமாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஜனங்கள் எல்லாரும் நன்மை வாங்க எழுந்துபோக, இவன் மட்டும் உட்கார்ந்திருந்தான். வீட்டுக்குப் போனதும் ஜெயசித்ரா கதவைச் சாத்தினாள்.

"இன்னா சேதி?"

"அந்த இது, ஜெயா. பஸ்ல ஒரு பொம்பள."

"யாரு அவ?"

"தெரியாது."

"பேரு?"

"தெரியாது."

"மூஞ்சி எப்பிடி இருக்கும்?"

"மூஞ்சியப் பாத்ததில்ல."

"மூஞ்சியே பாக்காம இத்தினி நாளா எதய்யா பாத்த?"

சார்லஸ் தன் கழுத்திலும் இடுப்பிலும் கையை வைத்து அளவு காட்டியிருக்கிறான். அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நின்றேன் என்று ஜெயசித்ரா என்னிடம் சொன்னாள்.

"என் கோவம் இருக்கட்டும், அத நான் அப்பறமா வச்சிக்கிறேன்" என்றாளாம். "அடுத்த ஞாயித்துக்கெயம புள்ள நடுவுல நிக்கும். இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம் காலியா இருந்தா ஊரு கேக்கும். ஊர வுடு. அமலி கேப்பா. அவகிட்ட இன்னா சொல்லுவ, அளவு காட்டுவியா?"

சார்லஸ் நேராக என் வீட்டுக்கு வந்து, நிறுத்தி வைத்திருந்த கருவாட்டுக் குழம்பில் ரெண்டு தட்டு சோறு தின்றுவிட்டு அழுதான்.

சனிக்கிழமை கோயிலில் ஒத்திகை. பிள்ளைகளோடு பெற்றவர்களும் வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் பெரும்பாலும் இவனுக்கு வண்டி இருக்கும், அதனால் பூசை முடிந்ததும் அமலிக்கு மறைக்கல்வி வகுப்பு எடுக்கிற டீச்சரை இவன் பார்த்ததே இல்லை. அவள் காலில் கட்டுப் போட்டுக்கொண்டு நொண்டி நொண்டி வந்தாள்.

"அப்பா, இவங்கதான் எங்க லூர்துமேரி டீச்சர்" என்றாள் அமலி.

டீச்சர் வலிக்கிற காலுக்குச் சுமை கொடுக்காமல் இருக்க, கையைத் தூக்கித் தூணைப் பிடித்து நின்றாள். சார்லஸுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதே நீல ஜாக்கெட், அதே வெள்ளைப் புள்ளி, தூக்கின அதே கை. ஆனால் இப்போது அதற்குமேல் ஒரு தலை இருந்தது. மூக்குக்கண்ணாடி போட்ட தலை. ஜலதோஷம் பிடித்து மூக்கு சிவந்த தலை. அந்தத் தலை இவனை முறைத்தது.

"நீங்கதான அந்தப் பச்ச பஸ் டிரைவரு? என் செருப்பு எங்கண்ணா?"

"அது நீங்களா?"

"நான்தான். எறங்க வுடாம எடுத்துட்டுப் போனீங்களே. நாளு பூரா உக்காந்து துணி தெக்கிற வேல எனக்கு. இடுப்பு புடிச்சிக்கினு உயிர் போவும். அதான் பஸ்ல சீட்டு இருந்தாலும் நின்னுக்கினு வருவேன். இப்ப நிக்கவும் முடியல, வேலைக்கும் போவல."

அந்த இடுப்பு வலிக்கும் என்பது தனக்குத் தோன்றவே இல்லை சின்னம்மா, என்று பிற்பாடு என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னான்.

லூர்துமேரி விடவில்லை. "கண்ணாடில அந்தோணியார ஒட்டி வச்சிட்டா, ஏற்ற எறங்கற ஜனங்கள யாருண்ணா பாக்கறது?"

"பாக்கக் கூடாதுன்னுதான் டீச்சர் ஒட்டினேன்."

வாய் தவறி வந்துவிட்டது. ஜெயசித்ரா டீச்சரைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், மறுபடி டீச்சரைப் பார்த்தாள். சாமியாருக்கு எல்லாம் தெரியும், ஆனால் தெரிந்த மாதிரி காட்டக்கூடாது. அவருக்கு இருமல் வந்து, தண்ணீர் குடிக்க உள்ளே போய்விட்டார்.

லூர்துமேரி வயசுப் பெண்ணாக இருந்தபோதிருந்து பஸ்ஸில் போய்வருகிறவள். அவளுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

"பாக்க வேணாம்னு யாரு சொன்னது? பாருங்கண்ணா. ஏறிட்டனா, எறங்கிட்டனா, ரெண்டு காலும் தரைல பட்டுச்சான்னு நல்லாப் பாருங்க. அதுக்கு மேல உங்களுக்கு அங்க வேல இல்ல."

"மன்னிச்சிடு தங்கச்சி."

"சரி, வரிசையில நில்லுங்க. அமலிக்கு இந்தப் பக்கம்."

ஜெயசித்ரா முன்னே வந்தாள். "டீச்சர், வூட்ல சுளுக்குத் தைலம் இருக்குது, சாயந்தரம் நானே எடுத்துக்கினு வர்றேன்." பிறகு சார்லஸைத் திரும்பிப் பார்த்து, "நீ வர வேணாம்" என்றாள்.

ஒத்திகை முடிந்ததும் சார்லஸ் மறுபடி சாமியாரிடம் போய் முழங்காலிட்டான். சாமியார் மன்னிப்புக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "இத நம்பு. நாளைக்கே மறுபடி கண்ணு போனா மறுபடி வா. நான் எங்கயும் போவல, ஆண்டவரும் எங்கயும் போவல. நீதான் ஓடிட்டே இருக்க."

அங்கிருந்து நேராகப் பஸ்ஸுக்குப் போனான். அவனும் கலைச்செல்வனும் ஈரத்துணியை வைத்து அந்தோணியாரைத் தேய்த்து எடுத்தார்கள். எல்லாம் வந்தது, தலையைச் சுற்றி இருந்த மஞ்சள் வட்டம் மட்டும் வரவில்லை. சார்லஸ் கண்ணாடியைத் தூக்கித் திருப்பி, படியும் நிற்கிறவர்களின் முகமும் தெரிகிற மாதிரி வைத்தான். இப்போது அந்தக் கம்பிக்குப் பக்கத்தில் யார் நின்றாலும் தலையைச் சுற்றி ஒளிவட்டத்தோடு தெரிகிறார்கள். மீன்கூடைக்காரிக்கும் உண்டு, சில்லறைக்குச் சண்டை போடுகிறவளுக்கும் உண்டு. கலைச்செல்வன் என்னையும் நிற்க வைத்துக் காட்டினான். எனக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அமலி வெள்ளை கவுன் போட்டு நடுவில் நின்றாள். சார்லஸ் அந்தப் பக்கம் போய் நின்றான். அவனுடைய முறை வந்தபோது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு வாயை மட்டும் திறந்தான். "கண்ணத் தொற சார்லஸ்" என்றார் சாமியார். திறந்தான். கிறிஸ்துவின் உடல் என்று அவர் சொல்ல, இவன் போட்ட ஆமென் வாசல் வரை கேட்டது. அமலி வெட்கப்பட்டு ஜெயசித்ரா பக்கம் ஒதுங்கினாள்.

அந்த இது போய்விட்டதா என்று கேட்காதீர்கள். சதையோடு பிறந்தவர்களுக்கு அது வரும், ஆணுக்கும் வரும் பெண்ணுக்கும் வரும். வந்தால் சார்லஸ் மனசுக்குள் ஒரு செபம் சொல்லிவிட்டு, கண்ணாடியில் முகத்தைத் தேடிப் பிடிக்கிறான். பிடித்ததும், "இன்னாம்மா, மாமியாருக்குக் கண்ணு ஆபரேசன் ஆச்சே, எப்பிடி இருக்குறாங்க?" என்று கேட்டுவிடுகிறான். பதில் வர ஆரம்பித்தால் தவளக்குப்பம் தாண்டியும் ஓயாது. அந்த இது எந்த நிறுத்தத்தில் இறங்கிப் போனது என்று அவனுக்கே தெரிவதில்லையாம்.

இதனால் வேறு ஒரு தொல்லை. யார் வீட்டில் என்ன சண்டை, யார் மருமகள் கோபித்துக்கொண்டு போனாள், எல்லாம் இப்போது அவனுக்குத் தெரியும். தெரிந்ததைச் சாயங்காலம் என் வீட்டில் வந்து கொட்டுகிறான். புறணி பேசுவதும் பாவம்டா என்று நான் கண்டிக்கிறேன். வாயை மூடிக்கொள்கிறான். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, அந்த மருமகள் திரும்பி வந்தாளா இல்லையா என்று நானே கேட்டுவிடுகிறேன்.