ஹருவானுக்காக மூடிய மதகு

குடலிறக்க அறுவை சிகிச்சை முடிந்து ராசாவில் இருக்கும் என் வீட்டில் படுத்திருக்கிறேன். மகள் மருந்துக்கடையிலிருந்து ஒரு புட்டி வாங்கி வந்தாள். ஹருவான் என்னும் விரால் மீனின் சாறு, மாத்திரையாக.

"புண்ணு சீக்கிரம் ஆறும்லா, முழுங்குங்கப்பா."

முழுங்கினேன். ஏப்பத்தில் சேற்று மீன் வாடை வந்தது. அவ்வளவுதான், மனசு இளவயசில் நான் வேலை பார்த்த கோலா பிலா பக்கத்து அணைக்கட்டுக்குப் போய்விட்டது.

மலையடிவாரத்தில் சின்ன அணை அது. கீழே மலாய்க்காரர்களின் வயல்களுக்குத் தண்ணீர் விட ஒரு மதகு, அதைத் திறந்து மூட ஓர் இரும்புச் சக்கரம், சக்கரத்துக்குக் காவலாக நான். ரப்பர் எஸ்டேட்டில் பால்மரம் வெட்டும் குடும்பத்தில் முதல் சர்க்கார் வேலை. எனக்கு ஏகப்பட்ட மிதப்பு. எஸ்டேட்டுக்குள் நடக்கும்போது மதகுச் சாவி எல்லார் கண்ணிலும் படும்படி இடுப்பில் தொங்கும்.

அந்த வருஷம் அக்காவுக்கு வயிற்றைக் கிழித்துத்தான் குழந்தையை எடுத்தார்கள். எங்கள் லயத்து வீட்டில்தான் படுத்திருந்தாள். தையல் ஆறாமல் சீழ் வைத்தது. அம்மா அணைக்கே நடந்து வந்துவிட்டார்.

"ஹருவான் சூப்பு குடுத்தா ஆறிரும்னு எல்லாரும் சொல்றாங்க தம்பி. பசார்ல ஒன்னுகூட இல்ல. தண்ணி உன் கையிலதானே இருக்கு?"

இருந்தது. மதகை மூடினால் வாய்க்கால் வற்றும், குழிகளில் மீன் தங்கும். மதியம் மூடி, சாயங்காலம் திறந்துவிடலாம் என்று நினைத்தேன். யாரிடமும் கேட்கவில்லை. முழங்காலளவு சேற்றில் துழாவியும் விரலளவு பொடி மீன்கள்தான் கிடைத்தன. திரும்பி வந்து சக்கரத்தைச் சுற்றினால், அசையவில்லை.

ஆபிசில் சொன்னால் எதற்கு மூடினாய் என்று கேட்பார்கள். வேலை போய்விடும் என்று பயம். எண்ணெய் விட்டேன், சுத்தியலால் தட்டினேன், மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டேன். தண்ணீர் எங்கே என்று கேட்டவர்களிடம் நாளைக்கு வந்துவிடும் என்றேன். இப்படியே நான்கு நாள். நல்ல வெயில். வயல்களில் அப்போதுதான் நாற்று விட்டிருந்தார்கள்.

ஐந்தாம் நாள் காலையில் எங்கள் வீட்டு வாசலில் தீமா நின்றார். ஊரே மக்சிக், அதாவது அத்தை, என்று கூப்பிடும் மலாய்க்கார அம்மா. அணைக்குக் கீழே முதல் வயல் அவருடையது. அந்தப் பக்கம் நிலம் பெண்களுக்குத்தான் சேரும், அவருக்கு அவருடைய அம்மா கொடுத்தது. கையில் ஈரச் சாக்கு. அக்காவின் புண் ஆறாத செய்தி அவர் காதுக்கும் எட்டியிருந்தது.

"ஆயர் தாக் அடா, ஈக்கான் செனாங்."

தண்ணீர் இல்லாததால் மீன் சுலபமாக அகப்பட்டதாம். சாக்குக்குள் இரண்டு ஹருவான்கள் துடித்தன. மதகுக்கு என்ன ஆயிற்று என்று என்னைக் கேட்டார்.

"ரோசாக், மக்சிக்," என்றேன். கெட்டுப்போய்விட்டது. பொய்யில்லைதான்.

அன்றே ஆபிசில் சொன்னேன். ஆள் வந்து சரிசெய்தார்கள். யாரும் என்னை ஒரு கேள்வி கேட்கவில்லை. அக்காவின் புண் ஆறியது. மக்சிக்கின் நாற்று மொத்தமும் கருகியது. அவர் மறுபடி விதைக்கவில்லை, அடுத்த வருஷமும் விதைக்கவில்லை. தண்ணீரை நம்ப முடியவில்லை என்று சொன்னாராம்.

போன வருஷம், மந்தினில் இருக்கும் அக்காவைக் கூட்டிக்கொண்டு அங்கே போனேன். அணை இருக்கிறது. சக்கரம் இல்லை, மதகு திறந்தே கிடக்கிறது. வயல் ஒன்றுகூட இல்லை, எல்லாம் லாலாங் புல். பிள்ளைகள் டவுனுக்குப் போய்விட்டார்கள், அதனால்தான் என்கிறார்கள். மற்ற வயல்களுக்கு அது சரியாக இருக்கலாம்.

"மீன் குடுத்தாங்களே, அந்த மக்சிக் வயல் எதுடா?"

காட்டினேன். அவர் இறந்து வெகுகாலம் ஆயிற்று. அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு அந்தப் புல்லைப் பார்த்துக் கும்பிட்டாள். நானும் கும்பிட்டேன். எதற்கு என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது.