படிவத்தின் ஓரத்தில் பென்சில் குறிப்பு

ஒரு தாதியின் பென்சில் குறிப்புகளைக் கணினியில் ஏற்ற வேண்டாம் என்று சொன்னவன் நான். அதனால்தான் கொட்டாஞ்சேனையில் நோயாளரை வீடு தேடிச் சென்று பார்க்கும் சேவை நின்றது.

அந்தச் சேவையால் பயன் உண்டா என்று கணக்கிடும் வேலை, சுகாதாரத் திணைக்களத்தில் புள்ளிவிவரம் பார்த்த எனக்கு வந்தது. ஒவ்வொருவருக்கும் ஒரே கேள்வி: அந்த வருடம் ஆஸ்பத்திரி வாட்டில் அனுமதிக்கப்பட்டாரா, இல்லையா. தாதி அடிக்கடி போய்ப் பார்த்தவர்களே கூடுதலாக அனுமதிக்கப்பட்டிருந்தார்கள். பயனில்லை என்றது கணக்கு.

அறிக்கை போகுமுன் அந்தத் தாதியே என் அறைக்கு வந்தார்.

"நான் அடிக்கடி போறதே ஏலாத ஆக்களிட்டத்தான், சேர். படிவத்தின்ர ஓரத்தில எழுதியிருக்கிறன், பாருங்கோ."

எழுதித்தான் இருந்தார். மூன்றாம் மாடி, படி இறங்க ஏலாது. தனிய இருக்கிறா. நோயின் கடுமைதான் அவரையும் அந்த வீட்டுக்கு இழுத்தது, நோயாளியையும் வாட்டுக்கு அனுப்பியது. அது எனக்கு அப்போதே விளங்கியது. ஆனால் அதற்குப் படிவத்தில் கட்டமில்லை. சேர்த்தால் என் சீரான சமன்பாடு குலையும், தவணையும் தப்பும்.

"கட்டத்துக்கு வெளியில எழுதினதை எடுக்கேலாது, மிஸி" என்றேன்.

ஓய்வுபெற்று இப்போது வெள்ளவத்தையில் நாலாம் மாடியில் இருக்கிறேன். லிஃப்ட் பழுதானால் நானும் இறங்குவதில்லை. அப்படியொரு வாரத்தில்தான், அலுவலகத்திலிருந்து கொண்டுவந்த அந்தப் படிவங்கள் கிடந்த பெட்டியைத் திறந்தேன். ஓரக் குறிப்புகளை ஒவ்வொன்றாக ஏற்றினேன். முன்பு எல்லாவற்றையும் நேர்கோட்டில் அடக்கியிருந்தேன். இம்முறை வயதும் மாடியும் தனிமையும் எப்படிச் சேர்ந்து வேலை செய்கின்றன என்பதைத் தரவே காட்ட விடும் புதிய முறைகளைக் கையாண்டேன். ஒரேயளவு ஏலாதவர்களை ஒப்பிட்டபோது விடை தலைகீழானது. தாதி அடிக்கடி போன வீடுகளில் வாட்டு அனுமதி குறைவு.

திணைக்களத்துக்கு எழுதினேன். பதிலில்லை. நேரில் போனேன். அந்தச் சேவையே இல்லை, திருத்துவதற்குக் கோப்பும் இல்லை என்று ஓர் அதிகாரி சிங்களத்தில் மரியாதையாகச் சொன்னார்.

தெஹிவளையில் அந்தத் தாதியைத் தேடிப் பிடித்தேன். மன்னிப்புக் கேட்டு, படிவங்களையும் புதிய கணக்கையும் நீட்டினேன். கணக்கை அவர் பார்க்கவில்லை. படிவங்களைப் புரட்டி ஒரு பெண்ணின் படிவத்தில் நின்றார்.

"செவ்வாய்தோறும் நான் போறது நிண்ட பிறகும் இவ செவ்வாய்க்கிழமையெண்டா கதவைத் திறந்து வச்சிருந்தவவாம். செத்தவீட்டில மகள் சொன்னவ."

படிவங்களை அடுக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"இதுகள் என்னட்ட இருக்கட்டும், சேர். உங்கட கணக்கை நீங்க கொண்டு போங்கோ."

கொண்டுவந்துவிட்டேன். மேசையில் கிடக்கிறது. இனி யாரிடம் கொடுப்பது என்று தெரியவில்லை.