டெம்ப் போல்டரில் இருந்த கோப்புகள் யாருடையவை?

பிரிண்ட் கடை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்: பேப்பர் தீர்ந்தால் நாம் போடலாம், கம்ப்யூட்டரில் இடம் தீர்ந்தால் கடவுள்தான் போடவேண்டும்.

நான் இடைநிலைப் பள்ளியில் மூன்றாம் படிவம் வரை படித்தவள். சிங்கப்பூர் எல்லைக்கு இந்தப்பக்கம் ஸ்கூடாயில், பல்கலைக்கழக மாணவர்களை நம்பிக் கடை நடத்துகிறேன். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் மகன் சரவணன், வைரஸ் வராது என்று சொல்லி, கடைக் கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தான். வைரஸ் வரவில்லை. வேறொன்று வந்தது. என்னைப் போல் அவதிப்படுகிறவர்கள் கேளுங்கள்.

சுவரில் ஒட்டிய பட்டியல்

ஒரு திங்கட்கிழமை ஷர்மிளா என்ற மாணவியின் தீசிஸ் பாதியில் நின்று, திரையில் 'இடமில்லை' என்று வந்தது. நல்லவேளை, அது திருத்தம் பார்க்கிற பிரதி. கடைசிப் பிரதியை வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் அவள் ஒப்படைக்கவேண்டும். தவறினால் இன்னும் ஓர் அரையாண்டு படிக்கவேண்டும். தீசிஸ் சீசனில் மற்ற கடைகளில் நிற்கவே இடமில்லை.

ஏதோ ஒரு மென்பொருள் தற்காலிகக் கோப்புகளை எழுதிவிட்டு, எடுக்காமல் போகிறது, எல்லாம் 'டெம்ப்' போல்டரில் குவிந்திருக்கிறது, அழித்துவிடுங்கள் என்று சரவணன் போனில் சொன்னான். எனக்கு மனசு வரவில்லை. கடையில் மறந்துவிட்ட குடையைக்கூட மூன்று மாதம் வைத்திருப்பவள் நான். அடுத்தவர் கோப்பைத் திறந்து பார்ப்பதும் அழகில்லை. லாரி நம்பர் மாதிரி இருந்த அந்தப் பெயர்களில் முதல் இருபதை எழுதி, 'உரியவர்கள் சனிக்கிழமைக்குள் பெற்றுக்கொள்ளவும், அதுவரை எதுவும் அழிக்கப்படாது' என்று சுவரில் ஒட்டினேன்.

பாசிர் கூடாங் தொழிற்சாலையில் ஷிப்ட் முடித்து, ஐ.சி. அடையாள அட்டையை நகலெடுக்க வந்த முனியாண்டி அண்ணன் கண்ணாடியைப் போட்டு நிதானமாக வாசித்தார். "அந்த மூணாவது என்னோடது மாதிரி இருக்கு, தங்கச்சி. பத்திரமா வைங்க."

ஸ்கேனருக்கு விரதம்

எழுதி ஒட்டியபின் வாக்கு மாறலாமா? சரவணன் தினமும் காலையில் போனில் வழி சொல்லி, வேறு எதையாவது நீக்கவைத்துக் கொஞ்சம் இடம் பிடித்துக் கொடுப்பான். மதியத்துக்குள் அதுவும் நிரம்பிவிடும். ஒவ்வொரு மென்பொருளாக மூடிவைத்துப் பாருங்கள், எதை மூடினால் புதுக் கோப்பு சேர்வது நிற்கிறதோ அதுதான் ஆள் என்றான். விரதம் எனக்குப் புதிதா? செவ்வாய் ஸ்கேனருக்கு, புதன் படம் வெட்டும் மென்பொருளுக்கு, வியாழன் இணையத்துக்கு என்று முறை வைத்து, பலகையில் எழுதி மாட்டினேன். கோப்பு குறையவில்லை. வாடிக்கையாளர்கள்தான் குறைந்தார்கள்.

பாஸ்போர்ட்டை ஸ்கேன் செய்ய வந்த ஓர் அம்மா பலகையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நாளைக்கு எதுக்கு விரதம்னு வாட்ஸாப்ல போட்டுடுங்க, அதுக்கேத்த மாதிரி வரேன் லா."

வெள்ளிக்கிழமை, மூன்று மணி

ஷர்மிளா வந்தாள். இருபத்தோராம் பக்கத்தில் 'இடமில்லை'. அந்தப் பிள்ளை அழவில்லை. சுவரில் இருந்த பட்டியலையே பார்த்தவள், இதில் ஒன்றையாவது திறந்து பார்த்தீர்களா ஆன்ட்டி என்று கேட்டாள்.

முருகா, மன்னித்துக்கொள் என்று முதல் கோப்பைத் திறந்தேன். ஒரு குத்துவிளக்கு. அடுத்ததிலும் குத்துவிளக்கு. பத்துப் பதினைந்து திறந்தோம். எல்லாம் அதே விளக்கு, சுடர் மட்டும் இம்மி இம்மியாக அசைந்திருந்தது.

திரையின் மூலையில் அதே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. போன தீபாவளிக்குச் சரவணன் எனக்கென்றே எழுதிக் கொடுத்த மென்பொருள். சுடர் அசைவதற்காக நொடிக்கொரு படம் வரைந்து, பழையதை எடுக்காமலே விட்டிருக்கிறது. கடையில் இருந்த எல்லாவற்றையும் பட்டினி போட்ட நான் அதை மட்டும் தொடவில்லை. சாமி விளக்கைப் போய் யார் சந்தேகப்படுவார்கள்? அது அணையக்கூடாது என்று கம்ப்யூட்டரை ஒருநாளும் நிறுத்தியதில்லை.

ஆனால் ஒன்று தெளிந்தது. கோப்பெல்லாம் என்னுடையவை, அழிக்க யாரையும் கேட்கவேண்டாம். வெள்ளிக்கிழமை ஆயிற்றே என்று கடைச் சாமி மாடத்தில் அகல் ஏற்றிக் கும்பிட்டுவிட்டு, திரை விளக்கை மலையேற்றினேன். போல்டரைக் காலி செய்ததும் பிரிண்ட் ஓடியது. மூன்றே முக்காலுக்குச் சூடு ஆறாத தீசிஸோடு ஷர்மிளா ஓடினாள். நாலுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது, கொடுத்துவிட்டேன் என்று செய்தி வந்தது.

சரவணனிடம் சொன்னேன். "ஏம்மா, ஒரே ஒரு நாள் கம்ப்யூட்டரை நிறுத்திப் போட்டிருந்தா, டெம்ப்ல இருக்கிறதெல்லாம் தானா போயிருக்கும்மா."

மூன்றாவது கோப்பு

பட்டியலில் மூன்றாவதை மட்டும் நான் அழிக்கவில்லை. ஒருவர் கேட்டு வைத்திருக்கிறார். சனிக்கிழமை முனியாண்டி அண்ணன் வந்தார். கலரில் பிரிண்ட் எடுத்துக் கையில் கொடுத்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"நான்தான் அன்னைக்கே சொன்னேனே தங்கச்சி, எங்க வீட்டு விளக்கேதான்."

ஆகவே, குப்பை போட்டுவிட்டுப் போகிற மென்பொருளைத் தேடுகிறவர்கள், தாங்கள் தினமும் கும்பிடுகிற ஒன்றிலிருந்து ஆரம்பித்தால் ஒரு வாரம் மிச்சமாகும்.