முதல் தட்டு

எங்கள் பேருந்துப் பணிமனையின் கேண்டீனில் பகல் பன்னிரண்டே காலுக்கு பரிமாறும் மேடையின் இரும்பு ஷட்டர்த் திரை பாதிதான் ஏறும். அந்த இடைவெளியில் தலைமைச் சமையற்காரர் ஒரு தட்டு நிறையச் சோறும் குழம்பும் காயும் குவித்துக்கொண்டு, வெளியே நிற்கும் வரிசையைப் பார்த்தபடி உட்கார்ந்து சாப்பிடுவார். கடைசிக் கவளம் தொண்டையில் இறங்கிய பிறகுதான் திரை முழுதாக ஏறும். எந்த விதிப் புத்தகத்திலும் இது கிடையாது. ஆனால் அவர் கை கழுவும்வரை வரிசையில் ஒருவர்கூடத் தட்டை நீட்டமாட்டார்.

இதற்குக் காரணம் இருந்தது. முன்பு கேண்டீனை நடத்திய ஒப்பந்தக்காரர் ஒரு நாள் கெட்டுப்போன இறைச்சியை மசாலாவில் மறைத்துப் போட்டுவிட்டார். முப்பத்தெட்டு ஓட்டுநர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். இரண்டு பேருந்துகள் பயணிகளோடு நடுவழியில் நின்றன. ஒப்பந்தக்காரரை அனுப்பிவிட்டுப் பணிமனையே சமையலை ஏற்றுக்கொண்டபோது வேலைக்கு எடுக்கப்பட்டவர்தான் இந்தப் பெண்மணி. நேர்காணலில் சங்கச் செயலாளர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உடம்பைப் பார்த்தாலே தெரியுது, சமைச்சதைத் தானும் சாப்பிடறவங்க. இவங்களை எடுத்துக்கலாம்" என்றாராம். எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து அவர் பெயர் பெரியக்கா. அவருடைய சுற்றளவே எங்கள் எல்லோருக்கும் நற்சான்றிதழாகிவிட்டது.

ஆறு வருடம் அப்படிப் போயிற்று. ஆறாவது வருடத்தில் அவருடைய முழங்கால் மடங்க மறுக்கத் தொடங்கியது. காலையில் அடுப்பு மேடைக்குப் போகும் இரண்டு படிகளை அவர் பக்கவாட்டாக ஏறினார். ஆஸ்பத்திரியில் எடை பார்த்தார்கள். நூற்றுநான்கு கிலோ.

"என்ன வேலை பார்க்கறீங்க?" என்று மருத்துவர் கேட்டார்.

"சமையல்."

"அதான் விஷயம். ருசி பார்த்துப் பார்த்தே ஏறியிருக்கு. வேற பிரிவுக்கு மாத்திக்கிட்டுப் போங்க. எடை தானா இறங்கும்."

"பஸ் ஓட்டறவருக்கு முதுகு வலிச்சா பஸ்ஸை விடச் சொல்லுவீங்களா டாக்டர்?"

"சில சமயம் சொல்லுவேன்" என்றார் மருத்துவர், எழுதுவதை நிறுத்தாமல்.

பெரியக்காவுக்கு அது பொறுக்கவில்லை. சமையல் அவருக்குச் சம்பளம் வரும் வேலை மட்டுமல்ல. எண்ணெயில் விழும் வெங்காயத்தின் சத்தத்தை வைத்தே அதில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று சொல்லிவிடுவார். இருநூற்றைம்பது பேருக்கான குழம்பில் உப்பு சரியாக விழுந்த நாளில் முகத்தில் ஒரு திமிர் தெரியும். விடுமுறை நாளில்கூட வீட்டில் சும்மா இருக்கமாட்டார். கணவருக்கும் தனக்குமாக மூன்று விதமான சூப் வைத்து, எது நல்லது என்று அவரைக் கேட்டு நச்சரிப்பார். அப்படிப்பட்டவரிடம் அடுப்பை விட்டு இறங்கு என்றால்?

ஆனாலும் மருத்துவர் சொன்னது உறுத்திக்கொண்டே இருந்தது. கை தன்னை அறியாமல் வாய்க்குப் போவது அவருக்கே தெரியும். தன் நாக்கின் மேலேயே அவருக்குச் சந்தேகம் வந்தது. சந்தேகம் வந்தால் மூலையில் உட்கார்ந்து புலம்புகிறவரல்ல அவர். மறுநாள் ஒரு மூடிபோட்ட பாத்திரத்தை அடுப்பு மேடையில் வைத்துக்கொண்டார். ருசி பார்க்கக் கரண்டி போகும் ஒவ்வொரு முறையும், வாய்க்குப் போன அளவே பாத்திரத்துக்கும் போயிற்று. சாயங்காலம் அதைக் காய் நிறுக்கும் தராசில் வைத்தார். இருநூற்றுப் பத்து கிராம். அதில் பாதிக்கு மேல் சூப்புத் தண்ணீர்.

அவர் நம்பவில்லை. தன்னையே ஏமாற்றிக்கொண்டோமோ என்று இன்னும் இரண்டு நாள் நிறுத்துப் பார்த்தார். இருநூறு, இருநூற்று இருபது. அதைத் தாண்டவில்லை.

நான்காம் நாள், திரைக்கு முன்னால் உட்காரப்போகும் நேரத்தில், கையிலிருந்த தட்டின் மேல் பார்வை விழுந்தது. தட்டின் எடையைக் கழித்து அதை நிறுத்தார். தொள்ளாயிரத்து எண்பது கிராம். எட்டு மணி நேரம் ஸ்டியரிங்கைத் திருப்பும் ஆளுக்கென்று வைத்த அளவு. காலையில் வீட்டில் ஒரு சாப்பாடு, இரவு வீட்டில் ஒரு சாப்பாடு. நடுவில் இது. பசித்துச் சாப்பிட்டதல்ல. விரும்பியும் சாப்பிட்டதல்ல. முப்பத்தெட்டுப் பேருடைய பழைய பயத்துக்காக ஆறு வருடம் சாப்பிட்டது.

நாக்கு நிரபராதி. அன்று மாலை அவர் வீட்டுக்கு நடந்தே போனார். முழங்கால் வலித்தது, இருந்தாலும் நடந்தார்.

அதன் பிறகு செய்த ஒரு காரியத்தில்தான் அவர் தவறினார். வெளிப்படையாகச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நறுக்கிய பச்சைக் கோஸைத் தட்டில் பரப்பி, அதன் மேல் இரண்டு கரண்டிச் சோற்றை மெல்லியதாக இழுத்துவிட்டு, ஓரத்தில் காயைக் குவித்தார். வரிசையிலிருந்து பார்த்தால் பழைய மலைதான். ருசி பார்ப்பதை அவர் ஒரு துளிகூடக் குறைக்கவில்லை. வெங்காயத்தை எண்ணெயில் மூழ்கடிக்காமல் உப்பும் கொஞ்சம் தண்ணீரும் தெளித்து மெதுவாக நிறம் ஏற்றுவது எப்படி என்று அந்த மாதங்களில்தான் கண்டுபிடித்தார். குழம்பு முன்னைவிட நன்றாக இருந்தது. நாங்களே சொன்னோம்.

நான்கு மாதத்தில் பதின்மூன்று கிலோ இறங்கியது.

முதலில் சந்தேகப்பட்டவர் கணவர். தையல்காரர். மனைவியின் முகத்தைவிட அளவுகள் அவருக்கு நன்றாக ஞாபகம் இருக்கும். ரவிக்கையைப் பிடித்துத் தைக்கும்போது அளவு நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்.

"நாலு விரல் குறைஞ்சிருக்கு. ஆஸ்பத்திரியில என்ன சொன்னாங்க? மறைக்காம சொல்லு."

"நல்லா இருக்கேன்னு சொன்னாங்க."

"நல்லா இருக்கறவங்களை எதுக்கு ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்றாங்க?"

பெரியக்கா மருத்துவச் சீட்டையும் எடை எழுதிய தாளையும் எடுத்துக் காட்டிய பிறகுதான் கணவர் நாடாவைச் சுருட்டினார். வீட்டில் ஒரு தாள் போதுமாக இருந்தது. பணிமனையில் போதவில்லை.

ஒரு நடத்துநர் திரைக்குப் பக்கவாட்டில் நின்றபோது சோற்றுக்கு அடியில் பச்சையாக ஏதோ தெரிவதைப் பார்த்துவிட்டார். அன்று மாலைக்குள் அந்தச் செய்தி எல்லாத் தடங்களிலும் ஓடியது. பெரியக்கா தான் சமைத்ததைத் தானே சாப்பிடுவதில்லை. கோஸைத் தின்றுவிட்டு நமக்குப் போடுகிறார். உடனே காய் நறுக்கும் பெண்ணைச் சூழ்ந்துகொண்டார்கள். அவள் பொய் சொல்லவில்லை. பார்த்ததைச் சொன்னாள்.

"மூணு நாள் எல்லாப் பானையிலிருந்தும் எடுத்து ஒரு பாத்திரத்துல ஊத்தி மூடி வச்சாங்க. சாயங்காலம் நிறுத்தாங்க. அப்புறம் கொட்டிட்டாங்க. என்கிட்ட ஒண்ணும் சொல்லல."

இதற்கு மேல் என்ன வேண்டும்? சாமான் கெட்டுப்போனது என்று சமையற்காரருக்கே தெரியும், அதனால்தான் எடுத்து வைத்துச் சோதித்தார் என்றது ஒரு கட்சி. அவருக்கு ஏதோ நோய், இளைக்கிறார், அது நம் தட்டுக்கும் வரும் என்றது இன்னொரு கட்சி. இரண்டு கட்சியும் ஒரே மேஜையில் உட்கார்ந்து, வெளிக்கடையில் வாங்கிய ரொட்டியைப் பிய்த்துத் தின்றன. நானும் அந்த மேஜையில் இருந்தேன்.

சந்தேகப்படுவது குற்றமல்ல. முப்பத்தெட்டுப் பேர் வாந்தி எடுத்த இடத்தில் சந்தேகப்படாதவன்தான் மடையன். ஆனால் நாங்கள் சந்தேகப்பட்டோமே ஒழிய, ஒரு மூடியைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. சமையலறை இருபது அடி தூரத்தில் இருந்தது. அங்கே போகாமல், ஒரு பெண்ணின் இடுப்பைப் பார்த்துச் சாப்பாட்டின் தரத்தை முடிவுசெய்தோம். பருத்திருந்தபோது கேலி செய்தோம், நம்பினோம். இளைத்தபோது கேலியை நிறுத்தினோம், நம்பிக்கையையும் நிறுத்தினோம்.

இருநூற்றைம்பது தட்டு தொண்ணூறாக விழுந்தது. வியாழக்கிழமை மேலாளர் அவரை அறைக்குக் கூப்பிட்டார்.

"எனக்கு உங்க மேல ஒரு சந்தேகமும் இல்ல. ஆனா பசங்க சாப்பிட மாட்டேங்கறாங்க. பழையபடி முழுத் தட்டு சாப்பிடுங்க, விஷயம் முடிஞ்சுது."

"என்னால முடியாது சார். முழங்கால் போயிடும்."

"அப்ப திங்கட்கிழமையிலிருந்து பஸ் கழுவற பிரிவுக்கு வந்துடுங்க. சம்பளத்துல குறைக்க மாட்டேன்."

"சமையலுக்கு?"

"வேற ஒருத்தரைப் பார்த்து வச்சிருக்கோம்" என்றார் மேலாளர். கொஞ்சம் தயங்கிவிட்டு, "நல்ல உடம்பு" என்றும் சொன்னார்.

சனிக்கிழமை பன்னிரண்டே காலுக்குத் திரை பாதியில் நிற்கவில்லை. ஒரே இழுப்பில் முழுதாக ஏறியது. அன்று சாப்பிட வந்தவர்களைவிட வேடிக்கை பார்க்க வந்தவர்கள் அதிகம். முதல் ஆளாகச் சங்கச் செயலாளர். பெரியக்கா தராசைத் தூக்கி மேடையில் வைத்தார். குவித்த தட்டை அதன் மேல் வைத்தார். கோஸ் இல்லை.

"எவ்வளவு காட்டுதுன்னு படிங்க அண்ணே."

"தட்டு போக ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் கம்மி. அதுக்கென்ன?"

"இது யாரோட சாப்பாடு?"

"எங்களோடது."

"அப்ப ஆறு வருஷமா உங்க சாப்பாட்டை நான் சாப்பிட்டிருக்கேன். என் சாப்பாட்டையும் சாப்பிட்டிருக்கேன்."

பின்னாலிருந்து நடத்துநர் குரல் கொடுத்தார். "கோஸை அடியில வச்சு ஏமாத்தினீங்களா, இல்லையா?"

"ஏமாத்தினேன். அது என் தப்பு." அவர் குரல் இறங்கவில்லை. "வாயைத் திறந்து சொல்லியிருந்தா ஒத்துக்கிட்டிருப்பீங்களா?"

நடத்துநர் தோளில் பணப்பையைச் சரிசெய்துகொண்டார்.

"அந்த மூடி போட்ட பாத்திரம்?" என்றார் செயலாளர்.

"ஒரு நாளைக்கு நான் ருசி பார்க்கறது எவ்வளவுன்னு நிறுத்தேன். இருநூத்திப் பத்து கிராம். அதையும் குறைக்கணும்னு சொல்லிடாதீங்க. அது எனக்கு."

யாரோ சிரித்தார்கள். செயலாளர் சிரிக்கவில்லை. "இதெல்லாம் சரி. சாப்பாடு நல்லா இருக்குன்னு நாங்க எப்படி நம்பறது?"

"நம்பாதீங்க. ஒருத்தர் உள்ள வாங்க. பெட்டியைத் திறங்க, மூட்டையைக் கவிழுங்க, மோந்து பாருங்க. அப்புறம் இந்தத் தட்டை அவரே சாப்பிடட்டும். என் வயித்தைப் பார்த்து என்ன தெரிஞ்சுக்கப்போறீங்க? பானையைப் பாருங்க."

வரிசை அசையவில்லை. செயலாளர் தன் செருப்பைப் பார்த்தார். உள்ளே போய்ப் பார்த்துவிட்டவனுக்கு அப்புறம் சந்தேகிக்க ஒன்றும் மிஞ்சாது என்பது எல்லோருக்கும் புரிந்துவிட்டது போலிருந்தது. கடைசியில் பின்வரிசையிலிருந்து தலைமை மெக்கானிக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்தார். அவர் யாரிடமும் அதிகம் பேசாதவர்.

"நான் வரேன். பேச்சை நம்பி ஒரு வண்டியையும் நான் வெளியே விட்டதில்ல."

சோப்புப் போட்டுக் கை கழுவினால்தான் உள்ளே விடுவேன் என்றார் பெரியக்கா. மெக்கானிக் இரண்டு முறை கழுவினார். குளிர்பெட்டியைத் திறந்து கோழியைக் கையில் எடுத்து மூக்கருகே பிடித்தார். எண்ணெய் டின்னைச் சாய்த்து, தேதியைத் தேடிப் படித்தார். அரிசி மூட்டைக்குள் முழங்கைவரை கையை விட்டார். பானைகளின் அடிவிளிம்பை விரலால் தடவி, விரலை வெளிச்சத்தில் பார்த்தார். ஒரு குறை கண்டுபிடித்தார். அடுப்புக் குழாயின் திருகு தளர்ந்திருந்தது. "இதை யாரும் பார்க்கலையா?" என்று கடிந்துகொண்டு, சட்டைப் பையிலிருந்த ஸ்பானரால் இறுக்கினார். பிறகு குழம்பை எட்டிப் பார்த்தார்.

"எண்ணெய் மிதக்கல. அப்புறம் எப்படி இந்த நிறம்?"

பெரியக்கா சொல்லத் தொடங்கினார். தீயை எப்போது குறைப்பது, தண்ணீரை எத்தனை முறை தெளிப்பது, வெங்காயம் எப்போது சத்தத்தை நிறுத்தும் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். வேலை போகப்போகிறது என்பதையே அந்த நேரத்தில் மறந்துவிட்டார். மெக்கானிக்கும் தான் சோதிக்க வந்ததை மறந்து, சத்தம் நிற்பதைப் பற்றி மட்டும் இரண்டாம் முறை கேட்டுக்கொண்டார். வெளியே பசியில் வரிசை முணுமுணுத்தது.

அவர் வந்து உட்கார்ந்து, தொள்ளாயிரத்து எண்பது கிராமையும் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். முடித்த பிறகும் யாரும் தட்டை நீட்டவில்லை. கால் மணி நேரம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"கண்ணு சொருகுது பாரு" என்றார் ஓர் ஓட்டுநர்.

"அவர் பிறந்ததிலிருந்தே அப்படித்தான்."

"குழம்பு இன்னும் கொஞ்சம் கிடைக்குமா அக்கா?" என்று மெக்கானிக் கேட்டார்.

அதன் பிறகுதான் வரிசை நகர்ந்தது. அன்று நூற்றெழுபது தட்டு போயிற்று. மேலாளர் திங்கட்கிழமை எதுவும் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமையும் சொல்லவில்லை. பஸ் கழுவும் பிரிவைப் பற்றிய பேச்சு அப்படியே காற்றில் போனது. கேண்டீன் சுவரில் ஒரு தாள் ஒட்டப்பட்டது. ஒவ்வொரு நாளும் ஒருவர் காலை பத்து மணிக்கு உள்ளே போய்ச் சோதிக்க வேண்டும், முதல் தட்டையும் அவரே சாப்பிட வேண்டும். செயலாளர் தன் பெயரைக் கடைசியில் எழுதியிருந்தார். பெரியக்கா அதை அடித்து, இரண்டாவதாக எழுதினார்.

சந்தேகம் தீர்ந்துவிட்டது என்று சொன்னால் அது பொய். மூன்றாம் வாரமே கோஸைக் கண்டுபிடித்த நடத்துநர் மேடையைத் தட்டிக்கொண்டு நின்றார்.

"அக்கா, ஒரு விஷயம் கேக்கணும். முதல் தட்டு சாப்பிடறவனுக்கு மட்டும் தினமும் கோழி பெரிய துண்டா விழுதே, அது எப்படி?"

பெரியக்கா ஒரு தேக்கரண்டியில் குழம்பை எடுத்து, ஊதி, நிதானமாக ருசித்தார். போதவில்லை போலிருக்கிறது. இன்னொரு கரண்டி எடுத்தார். பிறகு சொன்னார்:

"தராசு அங்க இருக்கு. நிறுத்துப் பாருங்க தம்பி."

நடத்துநர் முதல் தட்டிலிருந்து ஒன்று, பானையிலிருந்து ஒன்று என இரண்டு துண்டுகளை எடுத்துக்கொண்டு தராசுப் பக்கம் போனார்.