வெள்ளைத்துரை வண்டியின் இடது சக்கரம்

செல்லூரில், அலங்காநல்லூர் சாலை கிளம்புகிற இடத்தில், ஒரு தகரக் கொட்டகையில் டயர் வேலை பார்த்துவந்த மரியராஜுக்கு மனைவி இல்லை என்றே அக்கம்பக்கத்தில் நினைத்துக்கொண்டிருந்தார்கள். இருந்தாள். திண்டுக்கல்லில் தம்பி வீட்டில் நலமாகவே இருந்தாள். யுத்தத்துக்குப் போன புருஷன் நாலு வருஷம் கழித்து முழு உடம்போடு திரும்பி வந்தபோது, அவர் இல்லாமல் இருப்பதற்கு அவள் பழகிப்போயிருந்தாள். சண்டை என்று எதுவும் நடக்கவில்லை. சண்டை போட்டிருந்தாலாவது சமாதானத்துக்கு வழி இருந்திருக்கும்.

பட்டாளத்தில் மரியராஜ் சுட்டது ஒன்றுமில்லை. அஸ்ஸாம் சேற்றில் லாரிகளுக்கு டயர் மாட்டிக்கொண்டிருந்தார். அந்த வித்தைக்கு நாற்பத்தாறாம் வருஷம் மதுரையில் திடீரென்று மவுசு வந்தது. சர்க்கார் யுத்த வண்டிகளை ஏலத்தில் தள்ள, அதுவரை மாட்டின் வாலைத் தவிர வேறெதையும் முறுக்கி அறியாதவர்களெல்லாம் மோட்டார் முதலாளிகளானார்கள். எந்த டயர், எந்த ரிம் என்று கேட்டு அவரிடம் வந்தார்கள்.

“வண்டி கெடக்கட்டும். மொதல்ல பாதையைச் சொல்லுங்க” என்பார் மரியராஜ். மணலா, கரிசலா, ஓடைக்குள் இறங்கி ஏறுமா என்றெல்லாம் விசாரித்துவிட்டு ஓர் அளவைச் சொல்வார். அது தப்பாது. தப்பாததால் வந்தவர் ஆறு மாசத்துக்குத் திரும்பி வரமாட்டார். ஞாயிற்றுக்கிழமை பூசையில் மட்டும் மரியராஜ் நாலு பேரோடு சேர்ந்து வாய் திறப்பார். அதுவும் லத்தீனில்.

இப்படிப்பட்டவரிடம் வாராவாரம் வந்துகொண்டிருந்த ஒரே ஆள் வெள்ளைத்துரை. அலங்காநல்லூருக்கு வடக்கே விவசாயம். ஏலத்தில் எடுத்த பட்டாளத்துச் சின்ன லாரி ஒன்று உண்டு. வெள்ளிக்கிழமைதோறும் கத்தரிக்காய் மூட்டைகளோடு மதுரைக்கு வருவார். வரும் வழியில் இடது சக்கரம் பஞ்சராகும். ஒட்டுப் போட்டு முடிக்கும்வரை உட்கார்ந்து கதை சொல்லிக்கொண்டிருப்பார்; மத்தியானமாகிவிடும்.

“அண்ணே, எடது காலு மறுபடியும் நொண்டிருச்சு.”

“வாங்க தம்பி. முள்ளா?”

“முள்ளுதேன். எங்கூரு முள்ளுக்கு எம்மேல அம்புட்டுப் பிரியம்.”

காரணம் மரியராஜுக்கு முதல் நாளே புரிந்துவிட்டது. வண்டி வாங்கிய கையோடு அதிலிருந்த அகல டயர்களை விற்றுவிட்டு, வெள்ளைத்துரை ஆறு பதினாறு மாட்டியிருந்தார். ஆறங்குல அகலம், பதினாறங்குல ரிம். அதற்கு அவர் வைத்திருந்த நியாயம் இது: “மாட்டு வண்டித் தடத்துக்குள்ள சக்கரம் அடங்கணும்லண்ணே? அஞ்சு தலைமுறையா விழுந்த தடம். அதுல எறக்கிவிட்டா ஸ்டேரிங்கே புடிக்க வேணாம். தூங்கிக்கிட்டே ஊரு போய்ச் சேரலாம்.”

மாட்டு வண்டியின் இரண்டு சக்கரங்களுக்கு நடுவே உள்ள அகலமும் லாரியின் அகலமும் ஒன்றல்ல என்பது அவருக்குத் தோன்றவில்லை. வலது சக்கரம் தடத்துக்குள் சமர்த்தாக இறங்கியது. இடது சக்கரம் கரையேறி, வேலிக்கு வெட்டிப் போட்ட கருவேல முள்ளின் மேல் நடந்தது.

முதல் வெள்ளிக்கிழமையே இதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அன்று வெள்ளைத்துரை தன் பங்காளி மருது கிணற்றில் கடிகாரத்தை விட்டுவிட்டு, அதைத் தேடிப் பாதிக் கிணற்றை இறைத்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். நடுவில் குறுக்கிட மனசில்லை. இரண்டாவது வாரம் சொன்னால், போன வாரமே ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி வரும். மூன்றாவது வாரம் அந்தக் கேள்வி இன்னும் கொஞ்சம் பெரிதாகிவிட்டது. தவிர, அந்த வாரம்தான் வெள்ளைத்துரை வறுத்த கடலையை மடியிலிருந்து எடுத்து நீட்டி, “காலையில என்னண்ணே சாப்பிட்டீக?” என்று கேட்டார். அந்தக் கேள்வியை யாரும் கேட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்ததால், மரியராஜுக்குச் சட்டென்று பதில் ஞாபகம் வரவில்லை.

ஆகவே ஒன்பது வாரம் ஒன்பது பஞ்சர். பொய் என்று ஒரு வார்த்தைகூட அவர் சொல்லவில்லை. ஒட்டு மட்டும் போட்டுக்கொண்டிருந்தார்.

பத்தாவது வெள்ளிக்கிழமை வெள்ளைத்துரை உட்காரவில்லை.

“அண்ணே, எம்பொஞ்சாதி மாயக்காளுக்கு எட்டு மாசம். மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டாரணும். முன்னாடி ரெண்டு தடவையும் மாட்டு வண்டியிலதேன் கொண்டாந்தோம். ரெண்டு பிள்ளையும் ஆத்தத் தாண்டல. அதுக்காகத்தேன் கெடந்த நெலத்துல பாதிய வித்து இந்த வண்டிய எடுத்தேன். இப்ப வழியில சக்கரம் போச்சுன்னா…”

மரியராஜ் கையிலிருந்த அரத்தைக் கீழே வைத்தார்.

“டயரு தப்பு தம்பி. ரெண்டு தடத்துக்கும் நடுவுல எம்புட்டுன்னு கயித்துல அளந்து, முடிச்சுப் போட்டுக் கொண்டாங்க.”

மறுநாளே கயிறு வந்தது. மரியராஜ் அதை லாரியின் சக்கரங்களுக்கு நடுவே பிடித்துக் காட்டினார். கயிறு ஒரு சாண் குறைந்தது. வெள்ளைத்துரை முடிச்சையும் சக்கரத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அப்ப ஒம்பது பதினாறு மாட்டிருவம்ணே. மருது வண்டியில அதுதேன் கெடக்கு.”

“ஒம்பது மணலுக்கு ஆகும். ஒங்க பாதையில மணலு ஆத்துக்குள்ள மட்டுந்தான். ஈரக் கரிசல்ல மண்ண உருட்டி மட்கார்டுல அப்பி, வண்டிய நிப்பாட்டிரும். ஏழரை பதினாறு போடுவோம். தடத்துக்குள்ள எறங்காது, ரெண்டு கரையையும் மிதிச்சுக்கிட்டுப் போகும். ஒசரமும் கூடும், நடுமேடு இடிக்காது. வேலிய விட்டு வெலகி ஓட்டலாம்.”

“ஏழரையா? பிள்ளப்பேறுக்குப் போற வண்டிக்குச் சனியனோட கணக்காண்ணே?”

“எங்க வேதத்துல சனியன் கெடையாது தம்பி. என் பேர்ல மாட்டிக்கங்க.”

வெள்ளைத்துரை சிரித்தார். சிரிப்பு முடிவதற்குள் அவருக்கு ஒன்று உறைத்தது.

“இது எப்பலருந்துண்ணே ஒங்களுக்குத் தெரியும்?”

“மொத நாள்லருந்து.”

“பின்ன ஏண்ணே சொல்லல?”

“நீங்க பேசிக்கிட்டிருந்தீக” என்றார் மரியராஜ். அது முழு உண்மை. ஆனால் சொல்லிக் கேட்கும்போது பதில் மாதிரி இல்லை.

வெள்ளைத்துரை கயிற்றைச் சுருட்டி மடியில் செருகிக்கொண்டார். திட்டவில்லை. திட்டினால் கேட்டுக்கொள்ள மரியராஜ் தயாராகத்தான் இருந்தார். “சரி, மாட்டுங்கண்ணே” என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போய் வெயிலில் நின்றுகொண்டார்.

நாலு சக்கரத்துக்கும் ரிம்மிலிருந்து மாற்ற ஒரு பகல் ஆயிற்று. வளைவில் திருப்பும்போது டயர் உரசக்கூடாதென்று மட்கார்டின் ஓரத்தில் இரண்டு விரல் அகலம் உளியால் வெட்டினார். பின்னால் படுத்து வரப்போகிறவளுக்கு அலுங்காதபடி பின் சக்கரங்களில் காற்றைக் குறைத்தார். அவ்வளவு பார்த்துப் பார்த்து அவர் அஸ்ஸாமில் ஜெனரல் வண்டிக்குக்கூடச் செய்ததில்லை.

மூன்று வாரம் வெள்ளைத்துரை கொட்டகைப் பக்கம் வரவில்லை. நாலாவது வாரம் ஒரு விடிகாலையில் அந்த லாரி, பின்னால் வைக்கோலும் மெத்தையும் அதன் மேல் ஒரு பெண்ணுமாக, நிற்காமல் ஆற்றுப் பக்கம் போயிற்று. மரியராஜ் சாலைக்கு ஓடிப் போய்ப் பார்த்தது சக்கரங்களைத்தான். நாலும் நன்றாக இருந்தன. அன்றைக்கும் மறுநாளும் கொட்டகையை விட்டு நகரவில்லை.

எட்டாம் நாள் திரும்பி வந்த லாரி நின்றது. இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

“பொட்டப்பிள்ளண்ணே! ரெண்டு உசுரும் சொகம். வழியில ஒரு முள்ளு? மூச்!”

பக்கத்தில் துணிச்சுருளை அணைத்தபடி இருந்த மாயக்காள் எட்டிப் பார்த்து, “இவுகதேன் அந்த டயருக்காரரா?” என்றாள்.

“எறங்குங்க, டீ வாங்கியாறேன்” என்றார் மரியராஜ்.

“இல்லண்ணே, வெயிலு ஏறுது. பிள்ள தாங்காது. வாரேன்.”

கோபம் தீர்ந்திருந்தது என்பது முகத்திலேயே தெரிந்தது. வரவேண்டிய தேவையும் தீர்ந்திருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ஊமச்சிகுளம் பக்கத்திலிருந்து ஆண்டிச்சாமி என்றொருவர் புதிதாக வந்தார். பேச்சுப் பிரியர். துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, “அது பெரிய கதைங்க” என்று ஆரம்பித்தார். மரியராஜ் பாதையை மட்டும் கேட்டார். அவர் உட்காருவதற்குள் சரியான அளவைச் சொல்லிவிட்டார்.

ஆண்டிச்சாமி கும்பிட்டுவிட்டுப் போனபோது மணி பத்தேகால்தான் ஆகியிருந்தது.