அழிக்கச் சொல்லி வந்தவர்கள்

வக்கீல் குமாஸ்தா வேலையில் மனு எழுதுவது சுலபம்; மனுக் கொடுத்தவரை அப்புறம் பஸ் ஸ்டாண்டில் பார்ப்பதுதான் கஷ்டம். எழுபதுகளின் கடைசியிலிருந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் சங்கரன்கோவிலில் ஒரு வக்கீலிடம் இருந்தேன். ஜாமீனுக்கும் வாய்தாவுக்கும் வருகிறவர்களுக்கு நடுவே, தங்கள் பேரில் உள்ள குற்றத்தை எழுத்திலிருந்தே எடுத்துவிட முடியுமா என்று கேட்டும் சிலர் வருவார்கள். கோர்ட்டு வராந்தாவில் ஒரு நாளாவது காத்து நின்ற உங்களுக்கு அவர்கள் பாடு புரியும்.

கேடி லிஸ்ட்

அருணாசலம் விசைத்தறியில் வேலை பார்த்தவர். நூல் திருட்டுக் கேஸில் மாட்டி, விடுதலையும் ஆகிவிட்டார். ஆனால் ஸ்டேஷனில் கேடி லிஸ்டில் ஏறிய பேர் இறங்கவில்லை. வாரம் ஒரு கையெழுத்து. ஆடித்தபசு வந்தால், ஊரே கோவில் வாசலில் நிற்கும்போது அவரை மட்டும் ஸ்டேஷனில் உட்கார வைத்துவிடுவார்கள்.

பேரை எடுக்கச் சொல்லி மனுப் போட்டோம். மாஜிஸ்திரேட் பொறுமையாகப் படித்தார். "விடுதலை ஆயாச்சே, இந்தக் கோர்ட்டில் உங்கள் பேரில் ஒன்றும் இல்லை. அது போலீஸ் ரிஜிஸ்தர், நான் கை வைக்க முடியாது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். வெளியே வந்ததும் அருணாசலம் என்னிடம் கேட்டார்: "இல்லாத ஒண்ணுக்கா அண்ணாச்சி வாராவாரம் கையெழுத்துப் போடுதேன்?"

நகல்

குருவிகுளம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வாட்ச்மேனாக இருந்தவர் தேவசகாயம். பெஞ்சுப் பலகைகளைத் திருடி விற்றதாகத் தண்டனை ஆனது. வேலை போனது. சர்ச்சில் முன் வரிசையில் உட்காருகிறவர், அதற்கப்புறம் கடைசி வரிசைக்குப் போய்விட்டாராம். திருநெல்வேலியில் அப்பீல் செய்து, தண்டனையையும் குற்றவாளி என்ற தீர்ப்பையும் ரத்து செய்ய வைத்தோம்.

சேதி எனக்கு அன்றே தெரியும். தீர்ப்பு நகல் வரட்டும், கையில் கொடுத்தே சொல்லுவோம் என்று இருந்துவிட்டேன். நகல் வந்தபோது அதை வாங்க அவர் மனைவிதான் வந்தார். காய்ச்சலில் படுத்தவர் எழுந்திருக்கவில்லையாம். அடக்கம் முடிந்து இருபது நாள். இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் படித்துச் சொன்னேன். தீர்ப்பு சொன்ன தேதியை மட்டும் இரண்டாம் தடவை படிக்கச் சொன்னார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "ஒரு கார்டு போட்டிருந்தா, கேட்டுட்டுப் போயிருப்பாரு."

பன்னிரண்டு மணி பஸ்

புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டில் மூட்டை தூக்கின முருகன் என்ற பையனை ஒரு கைகலப்புக் கேஸில் சேர்த்திருந்தார்கள். அன்று வக்கீலுக்கு நாலு கேஸ். முருகன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். "ஒத்துக்கோ, அபராதத்தைக் கட்டிட்டுப் பன்னிரண்டு மணி பஸ்ஸைப் பிடிச்சிரலாம்" என்றேன். இந்த யோசனையை நான் நூறு பேருக்காவது சொல்லியிருப்பேன். அவனும் ஒத்துக்கொண்டான். பன்னிரண்டு மணி பஸ்ஸையும் பிடித்தான்.

ஆறு வருஷம் கழித்து வந்தான். பள்ளிப் படிப்பை முடித்து, கண்டக்டர் வேலைக்குத் தேர்வாகியிருந்தான். போலீஸ் விசாரணையில் பழைய தண்டனை வெளியே வந்து, வேலை இல்லை என்று கடிதம். வக்கீல் பீஸ் வாங்காமல் திருநெல்வேலி வரை போய் வாதாடினார். தானே குற்றத்தை ஒத்துக்கொண்டவர் இத்தனை வருஷம் கழித்து மாற்றிச் சொல்ல முடியாது என்று மனு தள்ளுபடியானது. அதை அவனிடம் சொல்லும் வேலை என்னுடையது. திட்டுவான் என்று நினைத்தேன். திட்டவில்லை. கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சொன்னான்: "அன்னைக்கு நான் யாரையும் அடிக்கல அண்ணாச்சி, நீங்க கேக்கவும் இல்ல."

நான் வேலையை விட்ட அன்று வக்கீல்கள் சேர்ந்து சால்வை போர்த்தி, குற்றம் குறை சொல்ல முடியாத மனிதர் என்று பேசினார்கள். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் அனுப்பாமல் சொன்ன தீர்ப்பு அது.