எல்லாப் படத்திலும் ராஜாங்கம்

கம்ப்யூட்டரில் பொம்மைப்படம் எடுப்பவனுக்கு மழை பெய்யவைக்கத் தெரியும், மலையை நகர்த்தத் தெரியும். தான் என்ன வேலை பார்க்கிறோம் என்று மாமனாருக்குப் புரியவைக்க மட்டும் தெரியாது. வாரக்கணக்கில் கண் எரிய உட்கார்ந்து செய்ததை ஒருவர் டீ குடித்துக்கொண்டே பார்த்துவிட்டு “அவ்ளோதானா?” என்று கேட்கிற தொழிலில் நீங்களும் இருந்தால், மேற்கொண்டு படியுங்கள். நமக்குள் மறைக்க என்ன இருக்கிறது.

இடஒதுக்கீடு கேட்டு ஊர் ஊராகப் போராட்டம் நடந்துகொண்டிருந்த வருஷங்களில், கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு செருப்புக்கடை மாடியில் எங்கள் ஸ்டூடியோ இருந்தது. ஸ்டூடியோ என்றால் இரண்டு கம்ப்யூட்டர், ஒரு டேபிள் ஃபேன், நான், சசிகலா. சசி உருவங்களைச் செய்வாள். நான் அவற்றை நடக்கவும் பேசவும் வைப்பேன். என் வேலை அவளுக்கு ஓரளவு வரும், அவள் வேலை எனக்குச் சுத்தமாக வராது. அதனால் யார் இல்லாவிட்டால் கடை மூடிவிடும் என்பதில் எங்களுக்குள் குழப்பமே இருந்ததில்லை.

ஒரே ஆள்

கம்ப்யூட்டரில் ஒரு மனிதனைச் செய்வது பெரும்பாடு. எலும்பு மாட்டி, தோல் போர்த்தி, இமை மூடுகிறதா, முழங்கை சரியான பக்கம் மடங்குகிறதா என்று பார்த்து முடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். படத்துக்கு ஒரு ஆள் செய்ய எங்களால் ஆகாது. ஆகவே ஒரே ஒரு ஆளைச் செய்து, சட்டையையும் மீசையையும் மாற்றி எல்லாப் படத்திலும் நடிக்கவிட்டோம். அவருக்கு ராஜாங்கம் என்று பெயர் வைத்தோம். ஐம்பது வயது, ஒடிசலான உடம்பு, காதோரம் நரை. யாருடைய முகம் என்று சசியைக் கேட்டேன். “சும்மா ஒரு மொகம் சார்” என்றாள். நடைக்கு மாதிரி வேண்டும் என்றதற்கு, யாரோ வரப்பில் போவதைப் பின்னாலிருந்து எடுத்த வீடியோவைத் தன் போனில் காட்டினாள். இடது தோளைக் கொஞ்சம் இறக்கி, வலது கையை மட்டும் வீசி நடக்கிற நடை. அதை அப்படியே ராஜாங்கத்துக்குக் கொடுத்தேன்.

முதல் படம், கச்சிராயபாளையத்தில் சொட்டுநீர்க் குழாய் விற்கிற ஒருவருக்காக. ராஜாங்கம் கரும்புக்கொல்லையில் நின்று குழாயின் பெருமையைச் சொல்வார். பேசாத நேரத்தில் மூச்சுவிடுவார், கண் சிமிட்டுவார். அந்த மூச்சை வரவழைக்கவே எனக்கு ஒரு வாரம் பிடித்தது. கடைக்காரர் படத்தை முழுசாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “எல்லாம் நல்லாத்தாங்க கீது. ஆனா கொல்லையில கால வெச்சதுலேர்ந்து சும்மாவே நின்னுகினு கீறானே, இவன எவன் வேலைக்கு வெச்சான்?”

துண்டு

ராஜாங்கத்தின் தோளில் ஒரு மஞ்சள் துண்டு இருந்தது. போராட்டம் சூடுபிடித்ததும் அந்தத் துண்டு வம்பாகிவிட்டது. ஊரில் எல்லா நிறமும் யாருக்காவது சொந்தமாகியிருந்தது. மஞ்சள் வேண்டாம், பார்க்கிறவர்கள் வேறுமாதிரி எடுத்துக்கொள்வார்கள் என்றார் குழாய்க் கடைக்காரர். பச்சைக்கு மாற்றினோம், அது இன்னொருவருடையது. சிவப்பைக் கேட்கவே வேண்டாம். நீலத்தை அவருடைய மைத்துனர் ஒத்துக்கொள்ளவில்லை. வெள்ளை என்றால் சாவு வீட்டுக்குப் போகிற மாதிரி இருக்கிறதாம்.

நிறத்தை மாற்றுவது ஒரு சொடுக்குதானே என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் படம் முழுவதையும் கம்ப்யூட்டர் முதலிலிருந்து போட்டுத் தரவேண்டும், நடுவில் கரண்டு போனால் திரும்பவும் ஆரம்பத்திலிருந்து. கடைசியில் சாம்பல் நிறத்தில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு போய்க் காட்டினேன். அது யாருக்கும் சொந்தமில்லை, ஆனால் யாருக்கும் பிடிக்கவுமில்லை. கடைக்காரர் பொறுமையாகச் சொன்னார்: “துண்டே வேணாங்க. தொடச்சிக்கறதுக்கு அவனுக்கு இன்னா வேர்க்கவா போவுது?”

பாம்பு

அடுத்து கல்வராயன் மலையிலிருந்து ஒரு வேலை வந்தது. பாம்பு கடித்தால் மந்திரிக்கப் போகாமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று சொல்லும் படம். மலையில் வேலை பார்த்த ஒரு நர்ஸம்மா கேட்டிருந்தார். ராஜாங்கத்துக்கு அரைக்கால் டவுசர் மாட்டி மலைக்கு அனுப்பினோம். பாம்பைச் சசி அருமையாகச் செய்திருந்தாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் நானே காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொள்வேன்.

கரியாலூரில் ஒரு பள்ளிக்கூடச் சுவரில் படத்தைப் போட்டோம். பாம்பு வந்தபோது கூட்டம் கப்சிப்பென்று ஆனது. நர்ஸம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. படம் முடிந்து விளக்குப் போட்டதும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா என்னிடம் கேட்டார்: “கடிக்கிறதுக்கு முன்னாடியும் ஒரே நட, கடிச்ச பின்னாடியும் அதே நட. அது விசமில்லாத பாம்புங்களா?”

குடிகாரன்

மணலூர்பேட்டைப் பக்கம் ஒரு கிராமத்து மகளிர் குழுவினர், குடியின் கேட்டைப் பற்றிப் படம் வேண்டும் என்று வந்தார்கள். கோயில் திருவிழாவில் போடவேண்டும், நாள் இல்லை. சசி மெதுவாக, “வேற ஆளு செஞ்சிடலாமா சார்?” என்றாள். எங்கே நேரம், ராஜாங்கத்தையே குடிக்கவிடு என்றேன். “அப்போ தாடி வெச்சிடறேன். தெரியாது” என்றாள். எது தெரியாது என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மார்புவரை இறங்குகிற தாடி ஒன்றை வைத்தாள். நான் அதே நடையில் கொஞ்சம் தள்ளாட்டத்தைச் சேர்த்தேன். லுங்கி அவிழ, சாக்கடையில் விழுந்து, ராஜாங்கம் பிரமாதமாகக் குடித்தார்.

குழுத் தலைவி படத்தை வாங்கிப்போக வந்தார். போட்டுக் காட்டியதும் திருப்தியாகத் தலையாட்டினார். எழுந்தவர் மறுபடி திரையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “நல்லா கீதுங்க. ஆனா இந்த ஆள எங்கியோ பாத்தாப்பல கீது.”

மறியல்

திருவிழா முடிந்த வாரம், குழாய்க் கடைக்காரரின் அடுத்த படத்தை எடுத்துக்கொண்டு நானும் சசியும் கச்சிராயபாளையம் டவுன் பஸ்ஸில் ஏறினோம். ஊரைத் தாண்டுவதற்குள் மறியல். பல ஊர்களிலிருந்தும் வந்து ரோட்டில் உட்கார்ந்திருந்தார்கள். கூட்டத்திலிருந்து ஒருவர் எழுந்து எங்கள் பஸ்ஸைப் பார்த்து வந்தார். இடது தோளைக் கொஞ்சம் இறக்கி, வலது கையை மட்டும் வீசிக்கொண்டு வந்தார். காதோரம் நரை. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ராஜாங்கம் சாக்ஷாத் நேரில் வந்துகொண்டிருந்தார்.

“எங்கப்பா சார்” என்றாள் சசி, என் முகத்தைப் பார்க்காமல். மணலூர்பேட்டைக்கு அடுத்த கிராமத்தில் குத்தகைக்குப் பயிர் வைக்கிற ஏழுமலை. மகள் பரீட்சை எழுதி அரசாங்க உத்தியோகம் பார்க்கவேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. விழுப்புரத்தில் அத்தை வீட்டில் தங்கிக் கோச்சிங் வகுப்பில் சேர ஏற்பாடும் ஆகிவிட்டதாம். அவள் போய்விட்டால் ராஜாங்கத்துக்கு ஒரு பொத்தான் தைக்கக்கூட எனக்குத் தெரியாது. அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மகளிடம் கோபமில்லாமல்தான் சொன்னார்: “உனக்கு ஒரு வேல கெடைக்கணும்னுதான் நான் ரோட்ல உக்காந்துகினு கீறேன். நீ இன்னான்னா பொம்ம வேலைக்கு பஸ்ல உக்காந்துகினு போற. கையில கீறத முடிச்சிட்டு வூடு வந்து சேரும்மா.”

மாடிப்படி

அடுத்த திங்கட்கிழமை அவர் எங்கள் மாடிப்படி ஏறி வந்தார். தாடி மறைத்த முகத்தை நடை காட்டிக்கொடுத்துவிட்டது. பக்கத்து ஊர்த் திருவிழாவில் படம் பார்த்தவர்கள் எல்லாரும் அடையாளம் கண்டுகொண்டார்கள். வாழ்க்கையில் ஒரு சொட்டுகூடத் தொடாத அவரை டீக்கடையில், “இன்னா ஏழுமல, இன்னிக்கி தெளிவா கீற?” என்று கேட்டார்களாம். அடுத்த மறியலில் முன்வரிசையில் உட்காரப் போனபோது, “சாக்கடைப் பக்கமா உக்காராத மாமா” என்று பையன்கள் சிரித்தார்களாம். இதையெல்லாம் அவர் சத்தம் போடாமல் சொன்னதுதான் எங்களுக்குக் கஷ்டமாக இருந்தது. சசி அழ ஆரம்பித்துவிட்டாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

“அந்தப் படத்துல கீற என்னக் காட்டும்மா” என்றார் மகளிடம். குடிகாரப் படத்தைப் போட்டேன். சாக்கடையில் விழுகிற இடத்தில் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு மகளிடம் “இத்தினியும் நீதான் செஞ்சியா?” என்று கேட்டு, இன்னொரு தடவை போடச் சொன்னார். அதுவும் ஓடி முடிந்ததும் என் பக்கம் திரும்பினார்: “குடிக்க வெச்சது நீங்கதான தம்பி? நீங்களே விட வையுங்க. அது முடியற வரைக்கும் இவ இங்கியே இருக்கட்டும்.”

விட்டவர்

அப்படியாக, யாரும் கேட்காத, ஆனால் ஒருவர் கட்டாயப்படுத்திய படம் ஒன்றை எடுத்தோம். ராஜாங்கம் குடியை விடுகிறார், தாடியை எடுக்கிறார், கொல்லைக்குத் திரும்புகிறார். ஏழுமலை ஞாயிறுதோறும் வந்து மேற்பார்வை பார்த்தார். விட்டவன் முகத்தில் இன்னும் கொஞ்சம் தெளிவு வேண்டும் என்று இரண்டு வாரம் எங்களை இழுத்தடித்தார். தாடி எடுத்த முகத்தைச் சசி அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தே செய்தாள். அவரும் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அவர்கள் அப்படிச் சேர்ந்து உட்கார்ந்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

மகளிர் குழு பெரிய மனது பண்ணி அதே இடத்தில் படத்தைப் போட்டது. கூட்டம் திரையைப் பார்த்த நேரத்தைவிட, சலவைச் சட்டையில் உட்கார்ந்திருந்த ஏழுமலையைத் திரும்பிப் பார்த்த நேரம்தான் அதிகம். முடிந்ததும் கைதட்டினார்கள். அவரும் எழுந்து கும்பிட்டார். வெளியே வந்ததும் என்னிடம் சொன்னார்: “குடிக்காமயே குடிய விட்டவன் இந்த ஜில்லாவுலயே நான் ஒருத்தந்தான் தம்பி.”

திருடன்

ஆனால் படம் முடிந்துவிட்டதே. சொன்ன சொல்படி மறுநாள் காலை மகளை அழைத்துப்போக வந்துவிட்டார். சசி தன் மேஜையைத் துடைத்து, பையைப் படியோரம் வைத்திருந்தாள். எதையாவது செய்துகொண்டிருப்போம் என்று புதிதாக வந்த வேலையைத் திறந்தேன். கிணற்று மோட்டார் திருட்டைப் பற்றிய படம். வேறு ஆள் கிடையாதே, வழக்கம்போல ராஜாங்கத்தைக் கூப்பிட்டுத் தோளில் மோட்டாரை ஏற்றிவிட்டேன்.

பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஏழுமலை இன்னும் கிட்டே வந்தார். திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். அப்புறம் படியோரம் இருந்த பையைத் தானே எடுத்துவந்து அவள் நாற்காலியில் வைத்தார்: “பரீட்சைய இங்கேர்ந்தே படிச்சி எழுதிக்கோ. நீ போய்ட்டா இந்த தம்பி என்ன திருடனாக்கிடும். இங்கியே இருந்து என்ன பாத்துக்கம்மா.”

அன்றுமுதல் எங்கள் படங்களில் திருடன் வேஷத்துக்கு என் முகத்தைத்தான் சசி போடுகிறாள். நடையும் அச்சு அசல் நான்தான் என்று பார்த்தவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள்.